பட்டியில் நகம் பதிந்த கால்தடம்: நாயா, சிறுத்தையா?

வாய்க்கால்மேடு | ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். பவானிசாகருக்குக் கிழக்கே, கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி எங்கள் தோட்டம். நேற்று ராத்திரி பட்டியில் இரண்டு வெள்ளாடுகள் போய்விட்டன. ஒன்று அங்கேயே செத்துக் கிடந்தது. இன்னொன்று பின்னங்கால் கிழிந்து விடிகாலை வரை உயிரோடு இருந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. சத்தம் கேட்டு நான் எழுந்தபோது மணி மூன்று இருக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எதுவும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சேறாக இருக்கும், அங்கே கால்தடம் தெளிவாக விழுந்திருக்கிறது. அகலம் ஏழு சென்டிமீட்டர். சிலவற்றில் நகம் குத்திய அடையாளம் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. போன மாதம் கல்குவாரிப் பக்கம் ஒரு கன்றுக்குட்டியைச் சிறுத்தை இழுத்துப் போனது. அதனால் ஊரில் எல்லோரும் சிறுத்தை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் இங்கே எழுதக் காரணம் வேறு. செத்த ஆட்டில் மருந்து வைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. இது என்ன விலங்கு என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். எதைப் பார்த்துச் சொல்வது?

காங்கயத்தான் | ஞாயிறு, காலை 8.05

நகம் பதிந்திருந்தால் நாய். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து எங்கள் ஐயன் சொல்லிக் கேட்டது இதுதான். எங்கள் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டி பட்டியாகச் செம்மறிகளைக் கடித்துப் போட்டிருக்கிறது. அந்த வேதனை எனக்குத் தெரியும். நாய்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாட்சர் | ஞாயிறு, காலை 9.20

வாய்க்கால்மேடு தம்பி, முதலில் மருந்து பேச்சை நிறுத்துங்கள். ஆட்டை இப்போதே யாராவது காவலில் வையுங்கள், ராத்திரிக்குள் புதைத்துவிடுங்கள். விஷம் வைத்தால் சாவது அந்த ஒரு விலங்கு மட்டும் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்துக்கு மேலேதான் மோயாறு பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. விஷம் வைத்த ஒரு பிணத்தில் ஒரு கூட்டமே இறங்கிச் சாப்பிடும். சிறுத்தை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது, கொன்றால் சிறைத் தண்டனை உண்டு. அதைவிட, உங்கள் வீட்டு நாயும் அதில் வாய் வைக்கும்.

இனி தடத்துக்கு வருகிறேன். முதுமலையில் பதினோரு வருஷம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவன் நான். காலையில் எழுந்து செய்யும் முதல் வேலையே தடம் பார்ப்பதுதான். காங்கயத்தார் சொன்னது பாதி சரி. பூனை இனம் நகத்தை உறைக்குள் வைத்துக்கொண்டுதான் நடக்கும். ஆனால் சேற்றில் வழுக்கினால் என்ன செய்யும்? நகத்தை நீட்டிப் பிடிக்கும். மேடு ஏறும்போது, பாயும்போது, திடீரென்று திரும்பும்போது நீட்டும். சேற்றுக் கரையில் சிறுத்தையின் நகம் பதிந்ததை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி, தார் ரோட்டிலும் கல்லிலும் ஓடி நகம் தேய்ந்த நாய் காய்ந்த தரையில் நடந்தால் நகமே தெரியாது. இருக்கிற அடையாளங்களில் ரொம்ப பலவீனமானது நகம்தான். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நகத்தை மறந்துவிட்டு நடுத் திண்டைப் பாருங்கள். விரல்களுக்குப் பின்னால் பெரிதாக ஒரு திண்டு பதியும் இல்லையா, அதன் பின் ஓரம் எப்படி இருக்கிறது? பூனை இனத்துக்கு அந்தப் பின் ஓரத்தில் மூன்று மடிப்பு இருக்கும், மூன்று சின்னக் குமிழ்கள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி. நாய்க்கு இரண்டு பக்கமும் புடைத்து நடுவில் உள்வாங்கியிருக்கும். திண்டின் முன் ஓரம் நாய்க்கு ஒரே முனையாகக் கூம்பி நிற்கும். பூனைக்குத் தட்டையாக இருக்கும், நல்ல மண்ணில் நடுவில் லேசான பள்ளமும் தெரியும்.

இதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு | ஞாயிறு, காலை 9.45

ரொம்ப நன்றி அண்ணா. ஆட்டை வீட்டு வாசலிலேயே போட்டு என் தம்பியை உட்கார வைத்திருக்கிறேன். தொட்டிப் பக்கம் மாடுகள் மிதித்துவிடக் கூடாது என்று தடத்தின் மேல் அன்னக்கூடை கவிழ்த்து வைத்தேன். நான் எடுத்த போட்டோவில் திண்டின் பின் ஓரம் சரியாகத் தெரியவில்லை. மேலே நின்று எடுத்ததால் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறது.

செம்மண் தடம் | ஞாயிறு, காலை 10.10

அன்னக்கூடை நல்ல யோசனை. போட்டோவை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். தடம் என்பது நிழல்தான். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போதுதான் மடிப்புகள் எழுந்து நிற்கும். இப்போதே வேண்டும் என்றால் ஒரு துண்டைப் பிடித்து வெயிலை மறைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். போனைத் தடத்துக்கு நேர் மேலே பிடியுங்கள், சாய்க்க வேண்டாம். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு தெரிந்துவிடும். ஒன்று மட்டும் எடுக்காமல் ஏழெட்டுத் தடங்களை எடுங்கள். ஒரே ஒரு தடத்தை வைத்து விலங்கைச் சொல்வது, ஒரே ஒரு எழுத்தை வைத்து வார்த்தையைச் சொல்வது மாதிரி.

இன்னொரு அடையாளம் விரல். உங்கள் வலது கையை மேசை மேல் கவிழ்த்து வையுங்கள். கட்டை விரலை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் நான்கு விரல்களில் நடுவிரல்தான் முன்னால் நீண்டிருக்கும், அது இடமிருந்து இரண்டாவது. சுண்டு விரல் பின்தங்கி இருக்கும். பூனை இனத்தின் பாதம் இதே அமைப்புதான். ஒரு விரல் முந்தி நிற்கும், ஒன்று பிந்தி நிற்கும். அதனால்தான் சிறுத்தையின் ஒரு தடத்தைப் பார்த்தே வலது காலா இடது காலா என்று சொல்லிவிடலாம். முந்திய விரல் இடமிருந்து இரண்டாவது என்றால் வலது கால்.

நாய்க்கு அப்படி இல்லை. நடு விரல் இரண்டும் ஜோடியாக ஒரே வரிசையில் நிற்கும், வெளி விரல் இரண்டும் அதற்குப் பின்னால் ஒரே வரிசையில் நிற்கும். தடத்தின் மேல் பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள். நாய்த் தடத்தில் இரண்டு கோடுகளும் விரலிலோ திண்டிலோ படாமல் இடைவெளியிலேயே போய்விடும், அவை வெட்டும் இடத்தில் மண் சின்ன மேடாக எழுந்திருக்கும். சிறுத்தைத் தடத்தில் திண்டு அகலமாக இருப்பதால் கோடு அதன் மேல் ஏறிவிடும். மொத்த வடிவமும் அப்படித்தான். நாயினுடையது நீளவாக்கில் முட்டை மாதிரி, பூனையினுடையது வட்டம்.

காங்கயத்தான் | ஞாயிறு, காலை 10.30

கையை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். சரி, ஆனால் ஏழு சென்டிமீட்டர் என்கிறாரே, நாட்டு நாய்க்கு அவ்வளவு வருமா?

பழைய வாட்சர் | ஞாயிறு, காலை 10.55

நல்ல கேள்வி. சாதாரண நாட்டு நாய்க்கு வராது. ஆனால் சேறு ஏமாற்றும். ஈரச் சேற்றில் கால் வைத்தால் விரல்கள் விரியும், ஓரம் சரியும், தடம் நிஜப் பாதத்தைவிடப் பெரிதாகிவிடும். அளப்பதென்றால் தடத்தின் மேல் விளிம்பை அளக்கக் கூடாது, அடியில் பாதம் அழுத்திய தட்டையான தரையை அளக்க வேண்டும். சிறுத்தைக்கு முன்கால் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். வளர்ந்த புலி என்றால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் போய்விடும். ராஜபாளையம் மாதிரிப் பெரிய நாய்கள் சிறுத்தையின் அளவைத் தொட்டுவிடும். அதனால் அளவை வைத்து மட்டும் நாயையும் சிறுத்தையையும் பிரிக்க முடியாது. காட்டுப்பூனையா சிறுத்தையா, சிறுத்தையா புலியா என்று பிரிக்கத்தான் அளவு உதவும்.

அனிதா | ஞாயிறு, மதியம் 12.15

பவானிசாகர்ப் பக்கம் கழுதைப்புலி இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே? நகம் பதியும், நாயைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

பழைய வாட்சர் | ஞாயிறு, மதியம் 12.50

சரியாகக் கேட்டீர்கள் அம்மா. மோயாற்றுப் படுகையில் வரிக் கழுதைப்புலி உண்டு. அதன் தடத்தில் மொட்டை நகம் பதியும், விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நெருக்கமாக இருக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள வித்தியாசம். விலங்கைப் பார்த்திருப்பீர்கள், முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். பாரம் எல்லாம் முன்னால். அதனால் முன்பாதம் பெரிது, பின்பாதம் கண்ணில் அடித்த மாதிரிச் சிறிது. தொடர்ந்து நாலைந்து தடம் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, கழுதைப்புலியாக இருந்தால் எலும்பை நொறுக்கியிருக்கும்.

செந்நாயின் தடம் நாயினுடையது மாதிரியேதான் இருக்கும், தனித் தடத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். அது கூட்டமாகப் பெரும்பாலும் பகலில் வேட்டையாடும், ராத்திரி மூன்று மணிக்கு அல்ல. நரி என்றால் தடம் சின்னது, நடு விரல் திண்டு இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். மரநாய், புனுகுப்பூனை, கீரி எல்லாவற்றுக்கும் ஐந்து விரல். கரடிக்கும் ஐந்து, நீள நகத்தோடு. விரலை எண்ணினாலே பாதி விலங்குகள் கழிந்துவிடும்.

கூறைநாட்டு ராஜா | ஞாயிறு, மதியம் 1.30

நான் மயிலாடுதுறை. 2024 ஏப்ரலில் எங்கள் ஊருக்குள் சிறுத்தை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காடே இல்லாத ஊர். அந்த ஒரு வாரம் என் போனுக்கு வந்த தடப் படங்கள் அத்தனையும் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது இந்த இழையைப் படித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாம் நாய். பிள்ளைகளை வெளியே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பயந்தது பாதி எங்கள் தெரு நாய்களின் காலடியைப் பார்த்துத்தான். அப்போது இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஹட்டன் லயத்துப் பிள்ளை | ஞாயிறு, மதியம் 2.05

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் புலியும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. எங்கள் மலையில் பெரிய தடம் என்றால் சிறுத்தை அல்லது நாய், இரண்டே இரண்டுதான். தேயிலை மலைக்குள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பாதையில் தடம் பார்த்துத்தான் இறங்குவார்கள். அம்மா எனக்குச் சொல்லித் தந்தது நடையைப் பார் என்றுதான். சிறுத்தை முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலை வைக்கும். அதனால் நாலு கால் மிருகம் போன மாதிரித் தெரியாது, ரெண்டு கால் மிருகம் ஒற்றைக் கயிற்றில் நடந்த மாதிரி இருக்கும். வீட்டு நாய்க்கு அந்த அக்கறை இல்லை. அங்கே மோந்து, இங்கே மோந்து, வளைந்து வளைந்து போகும்.

எங்கள் பக்கம் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. அதனால் மருந்து வேண்டாம் என்று சொன்ன அண்ணாவுக்கு என் நன்றி.

கால்நடை டாக்டர் | ஞாயிறு, மாலை 3.40

தடம் ஒரு பக்கம் இருக்கட்டும். புதைப்பதற்கு முன் ஆட்டைப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ரோமத்தை நீரில் நனைத்து ஒதுக்கிவிட்டுத் தொண்டையையும் பிடரியையும் பாருங்கள். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். கோரைப் பல் இறங்கிய ஓட்டைகள் ஜோடியாக, ஆழமாக இருக்கும், மற்ற இடங்களில் காயம் குறைவாக இருக்கும். நாய் பிடித்த ஆட்டில் ஒழுங்கே இருக்காது. தொடை, பின்னங்கால், காது, மடி என்று கண்ட இடமெல்லாம் கிழிசல். தோலை உரித்தால் அடியில் ரத்தம் கட்டி நிறைய இடத்தில் கறுத்திருக்கும்.

சிலர் நிறைய ஆடுகள் செத்தால் நாய், ஒன்று செத்தால் சிறுத்தை என்பார்கள். அதை நம்ப வேண்டாம். பட்டிக்குள் அடைபட்டு ஆடுகள் தெறித்து ஓடினால் சிறுத்தையும் பலவற்றைக் கொன்று போடும்.

எந்த விலங்கு கொன்றது என்பதைப் பொறுத்து மனு கொடுக்க வேண்டிய இடமே மாறிவிடும். அதனால் உள்ளூர்க் கால்நடை மருத்துவரை வரச் சொல்லிப் பரிசோதனைச் சான்று வாங்கிவிட்டுப் புதையுங்கள்.

வாய்க்கால்மேடு | ஞாயிறு, மாலை 6.30

டாக்டர் சொன்னபடி செய்தோம். மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு ஆட்டிலும் தொண்டையில் ஒன்றும் இல்லை. பின்னங்கால், தொடை, ஒரு காது முழுக்கக் கிழிந்திருக்கிறது. குழி தோண்டிப் புதைத்துவிட்டோம், மேலே கல் போட்டாயிற்று.

நாலு மணிக்கு மேல் வெயில் சாய்ந்ததும் தடத்தைப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் பதினான்கு தடங்கள். நடு விரல்கள் ஜோடியாக நிற்கின்றன, பெருக்கல் குறி தடங்கலே இல்லாமல் போகிறது. அடித்தரையை அளந்தால் அகலம் ஐந்தரைதான் வருகிறது, மேல் விளிம்பு ஏழு. இன்னொரு அளவிலும் தடம் இருக்கிறது, கொஞ்சம் சின்னது. இரண்டு நாய்கள் வந்திருக்கின்றன.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. வாய்க்கால் கரைப் பாதையில் பட்டியிலிருந்து நூற்றைம்பது அடி தள்ளி வேறு தடம் இருக்கிறது. நகம் இல்லை. வட்டமாக இருக்கிறது. திண்டின் பின் ஓரத்தில் மூன்று மடிப்பு அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. முந்திய விரல் இடமிருந்து இரண்டாவது. அகலம் ஏழே கால். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது அண்ணா.

காங்கயத்தான் | ஞாயிறு, மாலை 6.45

அப்படியென்றால் சிறுத்தையும் வந்திருக்கிறது. நான் காலையில் அவசரப்பட்டுச் சொன்னேன். இப்போது எது கொன்றது?

பழைய வாட்சர் | ஞாயிறு, மாலை 7.10

தம்பி, பதறாதீர்கள். சிறுத்தையின் வலது கால் அது, சந்தேகமே இல்லை. ஒன்று கேட்கிறேன். ராத்திரி அங்கே மழை பெய்ததா? எத்தனை மணிக்கு?

வாய்க்கால்மேடு | ஞாயிறு, மாலை 7.15

பெய்தது. பதினொன்று இருக்கும், பத்து நிமிஷம் சடசடவென்று அடித்துவிட்டு நின்றுவிட்டது.

பழைய வாட்சர் | ஞாயிறு, மாலை 7.30

டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கரைத் தடத்துக்குள் மழைத்துளி விழுந்த புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். தொட்டிப் பக்கத் தடத்திலும் பாருங்கள்.

வாய்க்கால்மேடு | ஞாயிறு, இரவு 8.20

பார்த்துவிட்டு வந்தோம். கரையில் இருக்கும் தடத்துக்குள் திண்டின் மேல் சின்னச் சின்னக் குழி நிறைய இருக்கிறது, அம்மைத் தழும்பு மாதிரி. ஓரமும் கரைந்து மழுங்கியிருக்கிறது. தொட்டிப் பக்கத் தடத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை, வழவழவென்று இருக்கிறது. சுற்றியுள்ள சேற்றில் மழைப் புள்ளி இருக்கிறது, தடம் அதன் மேல் விழுந்திருக்கிறது.

பழைய வாட்சர் | ஞாயிறு, இரவு 8.35

அவ்வளவுதான் தம்பி. சிறுத்தை மழைக்கு முன்னால் தன் வழியில் போயிருக்கிறது. நாய்கள் மழை விட்ட பிறகு வந்து ஆட்டைப் பிடித்திருக்கின்றன. ஆடு கத்தியது மூன்று மணிக்கு.

காட்டில் நாங்கள் விலங்கைப் பார்ப்பதைவிட நேரத்தைப் பார்ப்பதுதான் அதிகம். தடத்துக்கு மேல் எறும்பு வரிசை போயிருக்கிறதா, பனி விழுந்து இறுகியிருக்கிறதா, காய்ந்த இலை உள்ளே விழுந்திருக்கிறதா, எல்லாமே கடிகாரம்தான்.

அனிதா | ஞாயிறு, இரவு 9.00

முன்பெல்லாம் புலிக் கணக்கெடுப்பே தடத்தை வைத்துத்தானே எடுத்தார்கள்? ஏன் விட்டுவிட்டார்கள்?

செம்மண் தடம் | ஞாயிறு, இரவு 9.40

ஆமாம். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் பணியாற்றிய வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-ல் அந்த முறையை உருவாக்கினார். கண்ணாடித் தகட்டைத் தடத்தின் மேல் வைத்து உருவை வரைந்து எடுப்பார்கள், பிளாஸ்டர் வார்ப்பும் எடுப்பார்கள். 1972-ல் நாடு முழுக்க எடுத்த முதல் கணக்கில் 1,827 புலிகள் என்று வந்தது இந்த முறையில்தான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தடத்தை வைத்து இது புலி என்று சொல்லலாம், இது இந்தப் புலி என்று சொல்வது வேறு விஷயம். ஒரே புலி மணலில் ஒரு மாதிரி, சேற்றில் ஒரு மாதிரி பதிக்கும். வரைகிற கை மாறினால் உருவும் மாறும். ராஜஸ்தானின் சரிஸ்காவில் காகிதத்தில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன, 2005-ல் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் தானியங்கி கேமராவும் புள்ளியியல் கணக்கும் வந்தன. உடல் வரி ஒவ்வொரு புலிக்கும் வேறு, அதில் தவறு வருவது குறைவு. 2022 கணக்கில் தமிழ்நாட்டில் 306 புலிகள் என்று வந்தது அப்படித்தான்.

ஆனால் தடம் பார்ப்பது வீணாகிவிடவில்லை. கேமராவை எந்த மரத்தில் கட்டுவது என்று முடிவு செய்வதே தடத்தைப் பார்த்துத்தான்.

வாய்க்கால்மேடு, நாளைக் காலை அந்தக் கரைத் தடத்தை வார்ப்பு எடுத்துவிடுங்கள், இன்னொரு மழை வந்தால் போய்விடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அட்டையை வளைத்துத் தடத்தைச் சுற்றி வேலி மாதிரி குத்துங்கள். தண்ணீரில் மாவைத் தூவித் தோசை மாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். நேராகத் தடத்தில் ஊற்றாதீர்கள், மடிப்பு உடைந்துவிடும். ஓரத்தில் ஒரு கரண்டியைப் பிடித்து அதன் மேல் ஊற்றி வழிய விடுங்கள். அரை மணி நேரம் தொடாதீர்கள். எடுத்ததும் கழுவ வேண்டாம், ஒரு நாள் காய்ந்த பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள்.

வாய்க்கால்மேடு | சனி, காலை 8.15

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வார்ப்பு நன்றாக வந்தது. முதல் தடவை மாவு தண்ணியாகப் போய்விட்டது, இரண்டாவது தடத்தில் சரியாக அமைந்தது. வனக்காப்பாளர் வந்து பார்த்துவிட்டு, சிறுத்தைதான் என்று சொல்லி வாய்க்கால் கரையில் ஒன்று, பட்டி ஓரத்தில் ஒன்று என இரண்டு கேமரா கட்டினார்.

பட்டிக் கேமராவில் இரண்டாம் ராத்திரியே இரண்டு நாய்கள் விழுந்தன. கோழிக்கழிவு கொட்டும் ஓடைப் பக்கம் சுற்றும் நாய்கள், ஒன்று வலதுகாலை லேசாக நொண்டும், ஊரே பார்த்த நாய். கரைக் கேமராவில் நான்காம் ராத்திரி சிறுத்தை. பட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக நடந்து போகிறது, ஹட்டன் தம்பி சொன்ன மாதிரி ஒற்றைக் கயிற்றில் நடப்பது போல.

மருந்து வைக்கச் சொன்ன இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் காட்டினேன். வார்ப்பையும் கையில் கொடுத்தேன். ஒருவர் தன் கையைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கழிவை அங்கே கொட்டக் கூடாது என்று ஊராட்சியில் மனு கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். பட்டிக்கு ஆறடி உயரத்தில் வலை கட்டி மேலேயும் மூடிவிட்டேன், சிறுத்தையும் அந்த வழியில்தானே போய் வருகிறது.

பழைய வாட்சர் | சனி, காலை 9.05

மேலே மூடியதுதான் முக்கியம். ராத்திரி ஒரு விளக்கும் எரியட்டும். பட்டியைச் சுற்றி நாலடி அகலத்துக்குப் புதரைச் செதுக்கிவிட்டு மண்ணைச் சலித்துப் போட்டு வையுங்கள். காலையில் பால் கறக்கப் போகும்போது ஒரு சுற்று பாருங்கள், யார் வந்தார்கள் என்று மண்ணே சொல்லும்.

வாய்க்கால்மேடு | சனி, காலை 9.20

இன்றைக்கே செய்கிறேன் அண்ணா. ஓடை மணல் போடலாமா, செம்மண்ணா?

பழைய வாட்சர் | சனி, காலை 9.30

செம்மண். நைஸாகச் சலித்து ஒரு விரல் கனத்துக்குப் போடுங்கள். மணலில் மடிப்பு நிற்காது.